எக்ஸ்டென்ஷன் இல்லாத ஃபைல்: நிரல் வகையைத் தப்பாகச் சொன்னால் எங்கே பார்ப்பது

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓர் ஆர்டருக்கு வந்து சேரும் ஃபைல்கள் பலவிதம்: பையர் (சரக்கு வாங்குபவர்) அனுப்பும் டெக் பேக் என்ற ஆடை விவரக் குறிப்பு, பிரிண்ட் ஆர்ட்வொர்க், எம்பிராய்டரி டிசைன், அளவு அட்டவணை, ஃபோனில் எடுத்த சாம்பிள் படம். கோயமுத்தூர்ப் பம்பு பட்டறை என்றால் டிராயிங், பேட்டர்ன் மாடல், சிஎன்சி புரோகிராம். இவற்றில் சில, பெயரின் கடைசியில் ஒட்டி வகையைச் சொல்லும் எக்ஸ்டென்ஷன் என்ற வால் இல்லாமல்தான் வரும். பையரின் போர்ட்டல் வெறும் எண்ணைப் பெயராக வைத்து இறக்கும். ஐஃபோன் பேக்கப்பில் ஒவ்வொரு ஃபைலுக்கும் 40 எழுத்துப் பெயர்தான் இருக்கும், எக்ஸ்டென்ஷன் இருக்காது. லினக்ஸில் டிஸ்க்கைச் சரிபார்த்த பிறகு லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டரில் கிடப்பவை # குறியும் எண்ணும் மட்டுமே. இவற்றை வகை பிரிக்க எழுதிய நிரல் தடுமாறும் இடங்களை அறிகுறி வாரியாகக் கீழே காணலாம். உங்கள் அறிகுறிக்கு நேரே போய்விடுங்கள். ஆனால் அதற்கு முன் இந்தச் சோதனையை மட்டும் செய்துவிடுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

மூல ஃபைலைத் தொடாதீர்கள், நகல் எடுத்து அதில் வேலை பாருங்கள். "சும்மா பிடிஎஃப்னு பேரு மாத்திப் பாப்போம்" என்று தொடங்கினால், சாயங்காலத்துக்குள் எது நிஜமான பெயர், எது நாம் வைத்த பெயர் என்பது யாருக்கும் தெரியாது.

நகலில் மூன்று விஷயம் பாருங்கள்: மொத்த அளவு எத்தனை பைட், முதல் 16 பைட் என்ன, கடைசி 32 பைட் என்ன. பைத்தானில் பைனரி முறையில் திறந்து, 16 பைட் படித்து, லிஸ்ட் ஆக்கினால் தசம எண்களாகவே வரும். லினக்ஸில் 'ஓடி' என்ற கட்டளைக்கும் தசமத்தில் காட்டும் விருப்பம் உண்டு. விண்டோஸ் பவர்ஷெல்லில் ஃபார்மேட்-ஹெக்ஸ் இருக்கிறது. அது ஹெக்ஸில் காட்டும், மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையில் எல்லா பைட்டும் தசமம். இடத்தை 0-விலிருந்து எண்ணுகிறோம்.

பல வகை ஃபைல்கள் தமக்கே உரிய பைட்டுகளோடு தொடங்கும். அந்தத் தலைதான் வகையின் கையொப்பம். அடிக்கடி வருபவை: பிடிஎஃப் 37 80 68 70 45. ஜேபெக் 255 216 255. பிஎன்ஜி 137 80 78 71 13 10 26 10. ஜிப் 80 75 3 4. பழைய வேர்டு, எக்ஸெல் 208 207 17 224 161 177 26 225. ஃபோட்டோஷாப் 56 66 80 83. டிஃப் 73 73 42 0 அல்லது 77 77 0 42. ஜிஜிப் 31 139. இந்த எட்டை அட்டையில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைக்கலாம்.

## "எந்த ஃபைலைக் குடுத்தாலும் ஆக்டெட்-ஸ்ட்ரீம்னே வருதுங்க"

ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்றால் 'வெறும் பைட்டுகள், வகை தெரியாது' என்று பொருள். நிரல் ஃபைலைத் திறக்கவே இல்லை. முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை. பைத்தானின் மைம்டைப்ஸ் மாட்யூல் பெயரை மட்டுமே பார்க்கும். எக்ஸ்டென்ஷன் இல்லையென்றால் 'நன்' (ஒன்றுமில்லை) என்றுதான் திருப்பித் தரும், அதை யாரோ ஆக்டெட்-ஸ்ட்ரீம் ஆக்கியிருப்பார்கள். ஜாவாவின் புரோப்-கன்டென்ட்-டைப்பும் பெரும்பாலும் பெயரை நம்பியே பதில் சொல்லும். சோதனை எளிது: ஒரு நல்ல பிடிஎஃப்-ஐ ஒருமுறை சரியான பெயரோடும் ஒருமுறை பெயரில் வால் இல்லாமலும் கொடுங்கள். பதில் மாறினால் பெயரைத்தான் பார்க்கிறது. உள்ளடக்கத்தைப் பார்க்கும் நூலகத்துக்கு மாறுங்கள்: லினக்ஸில் லிப்மேஜிக், பிஎச்பியில் ஃபைன்ஃபோ, ஜாவாவில் அப்பாச்சி டிகா. பழைய பைத்தான் நிரலில் இம்ஜ்எச்டிஆர் இருந்தால் அது 3.13 பதிப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அங்கே பதிலே வராது, இம்போர்ட்டிலேயே விழும்.

பிரவுசர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டது. வெப் ஃபார்ம் வழியாக ஏற்றும்போது கூடவே வரும் வகை, பயனரின் பிரவுசர் ஊகித்து அனுப்பியது. பெயரில் எக்ஸ்டென்ஷன் இல்லையென்றால் அதுவும் கைவிரித்து ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்றுதான் அனுப்பும். சர்வரில் வந்து இறங்கிய பைட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஸ்ட்ரீம் ஏற்கெனவே படித்து முடிந்தது. ஹாஷ் போடவோ அளவு பார்க்கவோ முழு ஃபைலையும் படித்துவிட்டு, சுட்டியை 0-க்குத் திருப்பாமல் வகை கேட்டால் நூலகத்துக்குக் கிடைப்பது காற்று. வகை கேட்கும் வரிக்கு முன்னால் படித்த பைட்டின் எண்ணிக்கையை அச்சிட்டுப் பாருங்கள். 0 என்றால் இதுதான். சின்னத் தப்பு, ஆனால் ஒரு நாள் முழுவதையும் விழுங்கும்.

ஃபைலே காலி. அளவு 0 என்றால் லினக்ஸின் 'ஃபைல்' என்ற கட்டளை 'காலி' என்று நேராகவே சொல்லும். அளவு சரியாக இருந்து உள்ளே எல்லாம் 0 என்றால் வெறும் 'டேட்டா' என்று சொல்லும். நகல் ஏறி முடிவதற்குள் பென்டிரைவைப் பிடுங்கியதன் அடையாளம் பெரும்பாலும் இது. முதல் 4096 பைட்டில் 0 அல்லாத பைட் எத்தனை என்று எண்ணி, ஒன்றுமே இல்லையென்றால் நிரல் 'வகை தெரியவில்லை' என்று சொல்லாமல் 'உள்ளே ஒன்றுமில்லை' என்று தனியாகச் சொல்லட்டும். அனுப்பியவரிடம் மறுபடி கேட்பதா, நிரலைத் திருத்துவதா என்று அப்போதுதான் தெரியும்.

மறைகுறியாக்கம். எந்தக் கையொப்பமும் இல்லை, பைட்டுகள் 0 முதல் 255 வரை சமமாகப் பரவியிருக்கின்றன, என்ட்ரோபி (பைட்டுகள் எவ்வளவு தாறுமாறு என்பதன் அளவு) பைட்டுக்கு 8 பிட்டை ஒட்டியிருக்கிறது. இதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஜிப், ஜேபெக்கின் உடலும் அப்படித்தான் இருக்கும். அவற்றுக்குத் தலை உண்டு, இதற்கு இல்லை என்பதுதான் வேறுபாடு. ஒற்றை ஃபைல் இப்படி இருந்தால் யாரோ பாஸ்வேர்டு போட்டிருக்கலாம். நேற்றுவரை திறந்த ஒரு ஃபோல்டர் முழுவதும் இப்படி ஆகி, அதே இடத்தில் புதிதாக ஒரு டெக்ஸ்ட் அறிக்கையும் கிடந்தால் நிரலை நிறுத்துங்கள். நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், பேக்கப் டிஸ்க்கை இணைக்காதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். இந்த வகைத் தாக்குதலை (ரான்சம்வேர்) 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டிருக்கிறது. பனியன் கம்பெனிக்கும் அது பொருந்தும்.

## "எக்ஸெல், வேர்டு எல்லாமே ஜிப்னு காட்டுது"

நிரல் பொய் சொல்லவில்லை. இன்றைய வேர்டு, எக்ஸெல், பவர்பாயின்ட், லிப்ரே ஆபீஸ் ஆவணம், இ-பப், ஆண்ட்ராய்டு செயலி, எக்ஸ்4-க்குப் பிந்தைய கோரல்டிரா எல்லாமே வெளியே ஜிப்தான். அரிசி மூட்டையும் பருத்தி மூட்டையும் ஒரே சாக்கில் வருகிற மாதிரி. சாக்கின் நிறத்தைப் பார்த்தால் போதாது, பிரிக்க வேண்டும்.

முதல் சில பைட்டை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். லிப்மேஜிக்குக்கு 16 பைட் கொடுத்தால் ஜிப் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. குறைந்தது 2048 பைட் கொடுங்கள். ஃபைல் டிஸ்க்கில் இருந்தால் பஃபருக்குப் பதில் பாதையையே கொடுத்துவிடலாம். கோ மொழியின் டிடெக்ட்-கன்டென்ட்-டைப் 512 பைட்டுக்கு மேல் பார்க்கவே பார்க்காது. ஆபீஸ் ஃபைலுக்கு அதை நம்பாதீர்கள்.

உள்ளே அடுக்கிய வரிசை வேறு. மைக்ரோசாஃப்ட் எக்ஸெல் சேமிப்பதும், ஈஆர்பி மென்பொருளோ வேறு நூலகமோ உருவாக்குவதும் ஜிப்புக்குள் ஒரே வரிசையில் இருப்பதில்லை. தொடக்கத்தில் வரும் பெயர்களை வைத்து ஊகிக்கும் முறை அங்கே வழுக்கிவிடும். பட்டியலைத் திறந்து பெயர்களைப் பாருங்கள்: 'எக்ஸ்எல்' ஃபோல்டர் இருந்தால் எக்ஸெல், 'வேர்டு' ஃபோல்டர் இருந்தால் வேர்டு, 'பிபிடி' இருந்தால் பவர்பாயின்ட், ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்ட் இருந்தால் செயலி. எக்ஸெல் என்று தெரிந்தபின் 'விபிஏபுராஜெக்ட்.பின்' என்ற ஃபைல் உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள்; இருந்தால் மேக்ரோ உள்ளது, நேராகத் திறக்கக் கொடுக்காதீர்கள்.

லிப்ரே ஆபீஸுக்கும் இ-பப்புக்கும் குறுக்குவழி உண்டு. ஜிப்பின் முதல் பொருளாக 'மைம்டைப்' என்ற பெயரில், சுருக்காத டெக்ஸ்ட் இருக்கும். 30 பைட் தலை, 8 எழுத்துப் பெயர் போக 38-வது இடத்திலிருந்து வகையின் முழுப்பெயரை அப்படியே படிக்கலாம்.

பாதியில் அறுந்த டவுன்லோடு. ஜிப்பின் பட்டியல் கடைசியில்தான் இருக்கிறது. தலை சரி, பட்டியல் மட்டும் திறக்க மறுக்கிறது என்றால் கடைசி 22 பைட் 80 75 5 6 என்று தொடங்குகிறதா பாருங்கள். பின்னால் குறிப்பு சேர்த்திருந்தால் இன்னும் முன்னால் இருக்கும், அங்கிருந்து அதிகபட்சம் 65,535 பைட் பின்னோக்கித் தேடினால் போதும். கிடைக்கவில்லையென்றால் ஃபைல் முழுதாக வரவில்லை, மறுபடி இறக்குங்கள்.

ஜிப் அல்ல, 208 207 17 224. பழைய டாக், எக்ஸ்எல்எஸ், அவுட்லுக் செய்தி, விண்டோஸ் இன்ஸ்டாலர் எல்லாம் இந்த ஒரே பெட்டிக்குள் வருபவை. பைத்தானில் ஓலிஃபைல் நூலகத்தால் உள்ளே உள்ள ஸ்ட்ரீம்களின் பெயரைப் பட்டியலிடுங்கள்: 'வேர்டுடாக்குமென்ட்' என்றால் வேர்டு, 'வொர்க்புக்' என்றால் எக்ஸெல், மிகப் பழையது என்றால் வெறும் 'புக்'. 'என்கிரிப்டட்பேக்கேஜ்' என்று இருந்தால் அது பழைய ஃபைலே அல்ல. பாஸ்வேர்டு போட்ட புதிய எக்ஸெல்லோ வேர்டோ. விலைப்பட்டியலை இப்படி அனுப்பும் பையர்கள் உண்டு. இதைப் பழைய எக்ஸெல் என்று முத்திரை குத்தி மாற்றியில் தள்ளும் நிரல், "ஃபைல் கெட்டுப்போச்சு" என்று தப்பாகப் புகார் சொல்லும். கேட்க வேண்டியது பாஸ்வேர்டு மட்டுமே.

எக்ஸெல் என்று வந்தது எக்ஸெல்லே அல்ல. முதல் பைட் 60, அதாவது சாய்ந்த அடைப்பின் தொடக்கம். உள்ளே எச்டிஎம்எல் அட்டவணை. ரிப்போர்ட் எடுக்கும் பல மென்பொருள்கள் டேபிளை அப்படியே எழுதி எக்ஸ்எல்எஸ் என்று பெயர் வைத்துவிடும். எக்ஸெல்லும் ஓர் எச்சரிக்கையோடு திறந்துவிடும். எக்ஸ்டென்ஷன் போனதும் வேஷம் கலைகிறது. எச்டிஎம்எல் என்றே பதிவு செய்து, அட்டவணையை அதிலிருந்தே எடுங்கள்.

## "பிடிஎஃப் இல்லைங்குது, ஆனா திறந்தா திறக்குது"

பிடிஎஃப்-இன் அடையாளம் 0-வது இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று நிரல் எதிர்பார்க்கிறது. அக்ரோபேட் அவ்வளவு கறார் இல்லை. முதல் 1024 பைட்டுக்குள் எங்கே இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். முன்னால் ஒட்டியிருப்பது யூனிகோடு குறியா (239 187 191), வெற்று வரியா, சர்வரின் தலைப்பு வரிகளா என்று பாருங்கள். தேடும் எல்லையை 1024 ஆக்கினால் தீரும். ஆனால் பதிலில் 'தொடக்கத்தில் அழுக்கு' என்ற குறிப்பையும் சேருங்கள். அந்த அழுக்கை உண்டாக்கும் நிரல் வேறெங்கோ இருக்கிறது, நாளைக்கு அது பிஎன்ஜியிலும் ஒட்டும். பிஎன்ஜி பார்வையாளர்கள் இவ்வளவு பெருந்தன்மை காட்டமாட்டார்கள்.

அடையாளம் 1024-க்குள்ளும் இல்லையென்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

74 86 66 69 82 என்று தொடங்கினால் பேஸ்64 (மெயிலில் அனுப்ப பைட்டுகளை எழுத்துகளாக மாற்றும் முறை) பிரிக்காத பிடிஎஃப். இதே நிலையில் ஜேபெக் 47 57 106 47 என்றும், பிஎன்ஜி 105 86 66 79 82 என்றும், ஜிப் 85 69 115 68 66 என்றும் தொடங்கும். மெயில் இணைப்பை எடுக்கும் நிரலில் பிரித்தெடுக்கும் வரி விடுபட்டிருக்கிறது.

31 139 என்றால் சர்வர் ஜிஜிப் செய்து அனுப்பியதை இறக்கும் நிரல் விரிக்காமல் எழுதிவிட்டது. விரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வகை கேளுங்கள்.

60 33 68 79 என்றால் வந்தது பிடிஎஃப் அல்ல, லாகின் பக்கம். போர்ட்டலின் செஷன் முடிந்திருக்கிறது. 200 ஃபைலும் ஒரே அளவில் இருந்தால் ஒன்றைக்கூடத் திறக்க வேண்டாம், இதுவேதான்.

120 159 62 34 என்றால் அவுட்லுக் எல்லா இணைப்பையும் ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்பிய வின்மெயில் ஃபைல். டிஎன்இஎஃப் கருவியால் பிரிக்கலாம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழப்பம் உண்டு: டிசைனர் அனுப்பிய இல்லஸ்ட்ரேட்டர் ஃபைலை நிரல் பிடிஎஃப் என்கிறது. புதிய இல்லஸ்ட்ரேட்டர் ஃபைலின் வெளித்தோல் பிடிஎஃப்தான். உள்ளே 'ஏஐபிரைவேட்டேட்டா' என்ற சொல் இருந்தால் திருத்தக்கூடிய மூலம். பிரிண்டிங் யூனிட்டுக்கு அதைத்தான் அனுப்ப வேண்டும். மிகப் பழையது 37 33 80 83 என்று போஸ்ட்ஸ்கிரிப்ட்டாகத் தொடங்கும்.

## ஃபோன் படங்கள் 'தெரியாத வகை' ஆகின்றன

ஐஃபோன் 2017-இன் ஐஓஎஸ் 11 முதல் ஹைக் வகையில் படம் சேமிக்கிறது. இதன் முதல் 4 பைட் ஒரு நீளம், ஃபைலுக்கு ஃபைல் மாறலாம். அடையாளம் 4-வது இடத்தில்: 102 116 121 112. அடுத்த 4 பைட் எந்தக் கிளை என்று சொல்லும்: 'ஹைக்', 'எம்ஐஎஃப்1' படம், 'ஏவிஐஎஃப்' இன்னொரு படவகை, 'ஐசோம்', 'எம்பி42' வீடியோ, 'கியூடி' ஆப்பிள் வீடியோ. 0-வது இடத்தை மட்டும் பார்க்கும் நிரலுக்கு இவை ஒன்றும் தெரியாது. வகை சரியாக வந்தும் திறக்கவில்லையென்றால் கணினியில் ஹைக் டிகோடர் இல்லை. அது வேறு பிரச்சினை.

82 73 70 70 என்று தொடங்கினால் அங்கேயே முடிவு செய்துவிடாதீர்கள். 8-வது இடத்தில் 87 69 66 80 இருந்தால் வெப்-பி படம். அதே தலையோடு வேவ் ஒலியும், ஏவிஐ வீடியோவும், பழைய கோரல்டிராவும் வரும்.

வகை ஜேபெக் என்று சரியாக வந்து, படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறம் என்றால் கடைசி பைட்டுகளைப் பாருங்கள். ஜேபெக் 255 217 என்று முடிய வேண்டும். பிஎன்ஜி 73 69 78 68 174 66 96 130. சில கேமராக்கள் முடிவுக்குப் பிறகும் எதையாவது ஒட்டும், அதனால் கடைசி இரண்டு பைட் பொருந்தாததை மட்டும் வைத்துக் கெட்டது என்று ஒதுக்காதீர்கள். பிக்சலைப் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

## "டிராயிங், டிசைன் எல்லாம் வெறும் டெக்ஸ்ட்னு வருது"

கொங்குப் பக்கம் அதிகம் தொல்லை தருவது இந்த அறிகுறி. பட்டறையிலும் எம்பிராய்டரி யூனிட்டிலும் புழங்கும் பல வகைகளுக்குப் பலமான கையொப்பம் கிடையாது. பொது நூலகம் சொல்லும் 'டெக்ஸ்ட்', 'டேட்டா' என்பதோடு நின்றால் வேலை ஆகாது. விதியை நீங்களே எழுத வேண்டும்.

ஆட்டோகேட் டிராயிங். இது டெக்ஸ்ட் அல்ல என்றாலும் முதல் 6 பைட்டை வாசிக்கலாம்: 65 67 49 48, பிறகு இரண்டு இலக்கம். அந்த இலக்கம் 15 என்றால் 2000-இன் வடிவம், 18 என்றால் 2004, 21 என்றால் 2007, 24 என்றால் 2010, 27 என்றால் 2013, 32 என்றால் 2018. வகையோடு இந்த எண்ணையும் பதிவு செய்யுங்கள். பேட்டர்ன் கடையில் பழைய ஆட்டோகேட் வைத்துக்கொண்டு "டிராயிங் திறக்கலைங்க" என்று சொன்னால், முக்கால்வாசி ஃபைல் கெட்டிருக்காது; 32-ஐ 24 வரை மட்டும் தெரிந்த மென்பொருளில் திறக்கப் பார்த்திருப்பார்கள். ஓடிஏ ஃபைல் கன்வர்ட்டர் இலவசம், கீழ்ப் பதிப்புக்கு இறக்கித் தரும்.

டிஎக்ஸ்எஃப், அதாவது டிராயிங்கின் டெக்ஸ்ட் வடிவம். முதல் வரியில் வெறும் 0, அதற்கு முன் இடைவெளி இருக்கலாம். இரண்டாம் வரியில் 'செக்‌ஷன்'. முதல் வரி 999 என்றால் அது குறிப்பு வரி, தாண்டிப் போங்கள். பனியன் பேட்டர்னுக்கு வரும் ஏஏஎம்ஏ வகையும் இதே டிஎக்ஸ்எஃப்தான். அளவு ஏற்றும் விதிகள் கூடவே ஆர்யூஎல் என்ற தனி டெக்ஸ்ட் ஃபைலில் வரும். இரண்டையும் பிரித்து வேறு வேறு ஃபோல்டரில் போடும் நிரல் பேட்டர்ன் மாஸ்டரிடம் திட்டு வாங்கித் தரும்.

எஸ்டிஎல் என்ற முப்பரிமாண மாடல். இங்கேதான் அதிகம் ஏமாறுவது. டெக்ஸ்ட் எஸ்டிஎல் 'சாலிட்' என்ற சொல்லோடு தொடங்கும்: 115 111 108 105 100. ஆனால் பைனரி எஸ்டிஎல்-இன் 80 பைட் தலைப்பிலும் அதே சொல்லை எழுதும் மென்பொருள்கள் உண்டு. சொல்லை நம்பாமல் கணக்குப் போடுங்கள். 80-வது இடத்திலிருந்து 4 பைட், சிறிய மதிப்புள்ள பைட் முதலாக (லிட்டில்-எண்டியன்), முக்கோணங்களின் எண்ணிக்கை. அதை 50-ஆல் பெருக்கி 84 கூட்டினால் ஃபைலின் அளவு வர வேண்டும். எண்ணிக்கை 12,000 என்றால் அளவு 6,00,084 பைட். பொருந்தினால் பைனரி, தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

ஸ்டெப் மாடல். முதல் வரியே 'ஐஎஸ்ஓ-10303-21' என்று சொல்லிவிடும். தொல்லை இல்லை.

சிஎன்சி புரோகிராம். முதல் வரி தனியாக ஒரு சதவீதக் குறி, அதாவது 37. அடுத்து ஓ எழுத்தும் புரோகிராம் எண்ணும். முதல் பைட்டை மட்டும் பார்க்கும் சோம்பேறி நிரல் இதைப் பிடிஎஃப் என்று சொல்லும். ஐந்து பைட்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

பிளாட்டர் ஃபைல். 73 78 59 என்று தொடங்கினால் எச்பிஜிஎல். முன்னால் 27-இல் தொடங்கும் பிரிண்டர் கட்டளை இருந்தால் அதைத் தாண்டிப் பாருங்கள்.

எம்பிராய்டரி. தஜிமா டிஎஸ்டி 76 65 58 என்று தொடங்கும். தலைப்பு 512 பைட், மிச்ச இடம் இடைவெளியால் நிரம்பியிருக்கும்; அதன்பின் ஒவ்வொரு கட்டளைக்கும் 3 பைட். தொடக்க மூன்று பைட்டை மட்டும் நம்பினால் சாதாரண டெக்ஸ்ட்டும் தப்பாக உள்ளே வந்துவிடும். தையல் எண்ணிக்கை, நிற மாற்றம் சொல்லும் 'எஸ்டி', 'சிஓ' புலங்களும் தலைப்பில் இருக்கின்றனவா என்று சேர்த்துப் பாருங்கள். பிரதர் பிஇஎஸ் 35 80 69 83 என்று தொடங்கும். டிஎஸ்டியில் நூலின் நிறம் இருக்காது, எங்கே மாற்ற வேண்டும் என்பது மட்டுமே இருக்கும். "கலர் வரல" என்ற புகாரை வகை கண்டுபிடிக்கும் நிரலின் தலையில் கட்டாதீர்கள்.

இந்த விதிகளைத் தனி மேஜிக் ஃபைலாக எழுதி லிப்மேஜிக்குக்குக் கொடுக்கலாம்: ஒரு வரியில் இடம், ஒப்பிடும் வகை, மதிப்பு, காட்ட வேண்டிய பெயர். எஸ்டிஎல் மாதிரி அளவைக் கணக்கிட வேண்டியவற்றை மட்டும் நிரலிலேயே எழுதுவது சுலபம். கூகுள் 2024-இல் திறந்த மூலமாக வெளியிட்ட, வகை கண்டுபிடிக்கும் கருவியான மேஜிகா, நிரல் மொழிகளையும் சிஎஸ்வி, ஜேசன் போன்றவற்றையும் பிரிக்க நன்றாக உதவும். பட்டறை வகைகளுக்கு நம் கையால் எழுதிய விதியைத்தான் முன்னால் ஓடவிட வேண்டும்.

## தமிழ் டெக்ஸ்ட் 'பைனரி' ஆகிறது, அல்லது குப்பையாகத் தெரிகிறது

நடுவில் வெட்டுப்பட்ட எழுத்து. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 224 174 அல்லது 224 175 என்று தொடங்கும். முதல் 1024 பைட்டை எடுத்துக் கறாராக டிகோடு செய்தால், கடைசி எழுத்து இரண்டு துண்டாகி, டிகோடர் பிழை சொல்லி, நிரல் 'பைனரி' என்று தீர்ப்பு எழுதிவிடும். ஆங்கில ஃபைலில் வராத பிழை. அதனால் சோதனையில் பிடிபடாமல் நம்மிடம் வந்துதான் விழும். துண்டு துண்டாக வாங்கிப் படிக்கும் இன்கிரிமென்டல் டிகோடர் பயன்படுத்துங்கள், அல்லது கடைசி 3 பைட்டுக்குள் வரும் பிழையை மன்னியுங்கள். ஃபைலின் நடுவில் வரும் பிழையை மன்னிக்காதீர்கள்.

யூடிஎஃப்-16. 255 254 என்று தொடங்கும். குறி இல்லாமலும் வரலாம். அப்போது ஒன்று விட்டு ஒரு பைட் 11 என்று நிறைய வந்தால் அது தமிழ்.

பழைய எழுத்துரு. 128-க்கு மேற்பட்ட பைட்டுகள் நிறைய, யூடிஎஃப்-8 ஆகவும் இல்லை என்றால் டிஸ்கி, அல்லது 1999-இல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் போன்ற குறியாக்கமாக இருக்கலாம். ஃபைல் கட்டளை இதை ஐஎஸ்ஓ-8859 என்று சொல்லிப் போய்விடும்; குறியாக்கம் ஊகிக்கும் நூலகங்களும் ஏதோ ஐரோப்பிய மொழி என்று சாதிக்கும். பாமினி இன்னும் மோசம்: எல்லாம் ஆஸ்கி எழுத்து, நிரலுக்கு அது சுத்தமான ஆங்கில டெக்ஸ்ட். பாமினியில் புள்ளிக்கு அரைப்புள்ளிக் குறி (59) என்பதால், எழுத்துகளுக்கு ஒட்டியே 59 கொட்டிக் கிடந்தால் பாமினி என்று சந்தேகிக்கலாம். நிரல் மொழிகளிலும் அரைப்புள்ளி உண்டு, ஆனால் அங்கே வரியின் கடைசியில்தான் பெரும்பாலும் வரும்.

எந்த எழுத்துரு என்ற தகவல் வெறும் டெக்ஸ்ட்டில் இருக்காது. அதே ஆவணத்தின் டாக் அல்லது ஆர்டிஎஃப் வடிவம் கிடைத்தால் அதன் எழுத்துருப் பட்டியலில் பெயர் இருக்கும். அதுவும் இல்லையென்றால் டிடிபி சென்டரில் பழகிய ஒருவரிடம் நாலு வரியைக் காட்டுங்கள். மாற்றியை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பதைவிட அது சீக்கிரம்.

## சின்ன ஃபைல்களுக்குத் தப்பான பெயர் சூட்டுகிறது

குட்டிக் கையொப்பம் காரணம். பிஎம்பி படத்துக்கு 66 77 என்ற இரண்டே பைட், விண்டோஸ் நிரலுக்கு 77 90. அந்த இரண்டு எழுத்தில் தொடங்கும் எந்தக் குறிப்பும் மாட்டிக்கொள்ளும். பிஎம்பி என்றால் 2-வது இடத்திலிருந்து 4 பைட்டில் எழுதியிருக்கும் அளவு ஃபைலின் அளவோடு பொருந்துகிறதா பாருங்கள். நான்கு பைட்டுக்குக் குறைந்த கையொப்பம் எதையும் இரண்டாவது சாட்சி இல்லாமல் ஏற்காதீர்கள்.

## ஒரே ஃபைலுக்கு இரண்டு மெஷினில் இரண்டு பதில்

லிப்மேஜிக்கின் பதிப்பு வேறு. இரண்டிலும் பதிப்பு எண்ணைக் கேட்டு ஒப்பிடுங்கள். பிஎச்பி தனக்குள்ளேயே ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது, சிஸ்டத்தைப் புதுப்பித்தாலும் அது மாறாது. டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல், அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல் இரண்டும் ஒன்றே. இப்படிப்பட்ட இணைகளை ஒரு பெயருக்குக் கொண்டுவரும் சிறு அட்டவணையை நிரலில் வைத்துக்கொள்ளுங்கள்.

## மீட்டெடுத்த டிஸ்க்கில் வகை தெரிகிறது, ஃபைல் திறக்கவில்லை

விண்டோஸ் டிஸ்க்கைச் சரிபார்த்த பிறகு ஃபவுண்ட்.000 ஃபோல்டரில் சிஎச்கே ஃபைல்கள் குவியும். ஒவ்வொன்றும் முழு ஃபைலாக இருக்க வேண்டியதில்லை, துண்டாகவும் இருக்கலாம். தலை உள்ள துண்டுக்கு வகை வரும், ஆனால் உடல் வேறொரு துண்டில் கிடக்கும். தலை, கடைசி பைட்டுகள் இரண்டும் பொருந்துபவற்றை முதலில் பிரித்தெடுங்கள்; தலை மட்டும் உள்ளவற்றை இரண்டாவது குவியலாக; இரண்டும் இல்லாதவற்றை மூன்றாவதாக. முதல் குவியலில் தேடியது கிடைத்துவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஐஃபோன் பேக்கப்பாக இருந்தால் இந்தப் பாடு வேண்டாம்: மேனிஃபெஸ்ட்.டிபி என்ற எஸ்க்யூலைட் ஃபைலில் ஒவ்வொரு 40 எழுத்துப் பெயருக்கும் மூலப் பெயரும் பாதையும் இருக்கின்றன. பேக்கப்புக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதுவும் பூட்டியிருக்கும்.

தேவையான ஃபைல் இரண்டாவது, மூன்றாவது குவியலில் மாட்டியிருந்தால், ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவியை டிஸ்க்கின் முழு நகல் மீது ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மீட்டதை வேறு டிஸ்க்கில் எழுதுங்கள். டிஸ்க்கில் டக் டக் சத்தம் வந்தால், அல்லது நகல் எடுக்கும்போதே படிப்புப் பிழை அடுக்கடுக்காக வந்தால் அதையும் செய்ய வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தி, டேட்டா ரெக்கவரி ஆளிடம் கொடுங்கள். கொடுக்கும்போது எந்த வகை ஃபைல், ஏறக்குறைய என்ன அளவு, எந்த மென்பொருளில் செய்தது, அதே வகையில் நன்றாகத் திறக்கும் ஒரு மாதிரி ஃபைல் — இந்த நாலையும் சேர்த்துக் கொடுங்கள். மாதிரி இருந்தால் அவர் தன் கருவிக்கு அந்தக் கையொப்பத்தைச் சொல்லித் தேட முடியும். பொதுக் கருவிக்குத் தெரியாத வகைகளுக்கு அது இல்லாமல் தேடுவது கடினம்.